உப்புத்தண்ணி நிபுணர்

வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளில் பல ரகம் உண்டு. செருப்பைக் கழற்றும்போதே வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறவர் ஒரு ரகம். 'பையன் என்னா மார்க்கு?' என்று கேட்டுப் பையனை மொட்டை மாடிக்கு விரட்டுகிறவர் ஒரு ரகம். காபி வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று காபி குடிக்கிறவர் ஒரு ரகம். இவர்களோடெல்லாம் நாம் எப்படியோ காலம் தள்ளிவிட்டோம். நான் இப்போது சொல்லப்போகும் ஆசாமி வேறு. அவர் உங்களைப் பார்க்க வருவதே இல்லை. உங்கள் பாத்ரூம் குழாயைப் பார்க்க வருகிறார். போகிற வழியில் நீங்கள் நிற்பதால் உங்களுக்கும் ஒரு வணக்கம் வைக்கிறார், அவ்வளவுதான்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் உப்புத்தண்ணி நிபுணர். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எந்தத் தெருவில் தடுக்கி விழுந்தாலும் இப்படி ஒருவர் மேல்தான் விழ வேண்டும். கடலோர ஊர். ஒரு வீட்டில் போர் போட்டால் உப்பு வருகிறது, அடுத்த வீட்டில் போட்டால் சுண்ணாம்பு வருகிறது, மூன்றாவது வீட்டில் இரண்டும் சேர்ந்து வருகிறது. இந்தத் தண்ணீரில் வேறு எது விளைகிறதோ இல்லையோ, நிபுணர்கள் நன்றாக விளைகிறார்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையைப் பாருங்கள். மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் பேனாவைவிடக் கொஞ்சம் தடியாக ஒன்று மூடி போட்டுக்கொண்டு நிற்கும். பேங்க் வரிசையில் யாராவது தெரியாத்தனமாக, "சார், பேனா கொஞ்சம் குடுங்க" என்று கேட்டுவிட்டால் போச்சு. "இது பேனா இல்லீங்க. டி.டி.எஸ். மீட்டரு. தண்ணியில முக்குனா எவ்ளோ உப்புன்னு நம்பர் காட்டும்" என்று ஆரம்பிப்பார். கேட்டவர் சலான் நிரப்பாமலே வீட்டுக்குப் போவார்.

உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். சுவரில் உங்கள் கல்யாண போட்டோ தொங்கும், பார்க்க மாட்டார். புது சோபா போட்டிருப்பீர்கள், பார்க்க மாட்டார். நேரே பாத்ரூமுக்குப் போய், வாளியைக் கவிழ்த்து அதன் அடியைப் பார்ப்பார், ஷவரை அண்ணாந்து பார்த்து எத்தனை ஓட்டை அடைத்திருக்கிறது என்று மனசுக்குள் எண்ணுவார், குழாயின் கழுத்தில் பூத்திருக்கும் வெள்ளையை நகத்தால் சுரண்டுவார், சுரண்டியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், டைல்ஸில் வழிந்த கறையைப் பார்த்து டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் 'ம்ம்' என்பார், பிறகு வெளியே வந்து உங்கள் எதிரே உட்கார்ந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்:

"கீசர் போட்டு எத்தினி வருசம் ஆவுது?"

நீங்கள் மூன்று வருஷம் என்பீர்கள். அவர் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டுவார். அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் கீசர் உங்கள் கண்ணுக்கே நோயாளி மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

பருப்பு வேகவில்லையா? தண்ணி. அயர்ன் பாக்ஸ் கறுப்புப் பேன்ட் மேல் வெள்ளையாகத் துப்புகிறதா? தண்ணி. சோப்பு எத்தனை தேய்த்தாலும் நுரைக்கவில்லையா, வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த துண்டு அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறதா? தண்ணி. இதெல்லாம் நியாயம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் இவர் அதோடு நிறுத்துவாரா? எங்கள் தெருவில் ஒருவரை மினி பஸ் இடித்துக் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போன நிபுணர் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தியிருப்பான். இஞ்சின் சூடாயிருக்கும். டிரைவருக்குக் கோவம் வந்திருக்கும். நீங்க குறுக்க போயிருக்கீங்க" என்றார். கால் முறிந்தவருக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்து, சிரித்ததில் வலி ஜாஸ்தியாகி, நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பினாள்.

எங்களை என்று சொன்னேன் அல்லவா? ஆமாம். அந்த நிபுணர் எனக்கு மாமா ஆக வேண்டும். என் அக்கா இருசம்மாளைக் கட்டியவர். பெயர் ராஜவேல். கடலூர் கூத்தப்பாக்கத்தில் சொந்த வீடு, சொந்த போர், சொந்த உப்பு. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டெண்டாக இருக்கிறார். தங்கமான மனுஷன். தண்ணீரைப் பற்றிப் பேசாத நேரத்தில் அவரைப் போல் ஒருவர் கிடைக்க மாட்டார். அந்த நேரம் எப்போது என்றுதான் அக்கா முப்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அவர் வீட்டு ஷோகேஸை நீங்கள் பார்க்க வேண்டும். மேல் தட்டில் மகள் எழிலரசி பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகள். கீழ் தட்டில், அதைவிடப் பளிச்சென்று லைட் போட்டு, செத்துப்போன ஹீட்டர் காயில்கள். ஒவ்வொன்றும் உப்புப் பூத்துப் பூத்துக் கைத்தடி கனத்துக்குப் பருத்துப்போய், கணுக்கணுவாக, வெள்ளையாக, அழகாகவே இருக்கும். வீட்டுக்கு வந்த எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர், "சார், ராமேஸ்வரம் போனீங்களா? பவளப்பாறை சூப்பரா இருக்கு" என்றார். மாமா அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு பாலிசி எடுத்துவிட்டார்.

வைத்தியமும் செய்வார். வாஷிங் மெஷினுக்கு உள்ளே படிந்த உப்பைக் கரைக்க எலுமிச்சை நல்லது என்று யாரோ சொல்ல, ஒரு கூடைப் பழத்தை நறுக்கி மெஷினுக்குள் போட்டு ஓட விட்டார். உப்பு கரைந்ததோ என்னவோ, கொட்டையெல்லாம் தண்ணீர் போகிற குழாயை அடைத்துக்கொண்டு மெஷின் நடு ஹாலில் வாந்தி எடுத்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் மாமா ஆபீசுக்குப் போன சட்டையில் எலுமிச்சைச் சாதம் வாசனை. மத்தியானம் ஆனால் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பசி எடுத்துவிடுமாம்.

சாஃப்ட்னர் வாங்கிய கதை இன்னும் விசேஷம். தண்ணீரை மென்மையாக்குகிற அந்த டப்பாவை மொட்டை மாடியில் மாட்டிவிட்டுப் போனார்கள். துணி மெத்தென்று வந்தது, சோப்பு நுரைத்தது, பருப்பு வெந்தது, அக்காவுக்கு முகம் மலர்ந்தது. மாமா மீட்டரை எடுத்து முக்கிப் பார்த்தார். நம்பர் குறையவே இல்லை. குதித்தார் பாருங்கள்! அந்த மீட்டர் கரைந்திருக்கிற சமாசாரத்தையெல்லாம் மொத்தமாகக் கூட்டிச் சொல்லுமே தவிர, அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. சாஃப்ட்னர் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சாதாரண உப்பை விடுகிறது. நம்பர் எப்படிக் குறையும்? இதை நான் சொன்னேன். அக்கா சொன்னாள். வெந்த பருப்பே கிண்ணத்தில் உட்கார்ந்து சொன்னது. "மச்சான், கண்ணு பொய் சொல்லும், நாக்கு பொய் சொல்லும், மீட்டரு பொய் சொல்லாது" என்று சாஃப்ட்னரைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடியும் துண்டெல்லாம் அப்பளம்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் எழிலரசிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு நின்றது.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு பார்க்கப் போனால், சம்மதம் சொல்கிற வரைக்கும் அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். தட்டில் தண்ணீர் வரும், டம்ளரைத் தொட்டுக் கும்பிட்டு வைத்துவிடுவோம். குடித்துவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் மாற்றிப் பேசினால் அந்தக் குடும்பத்தை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். அதனால் மாமா குடிக்க மாட்டார். முக்குவார்.

முதலில் குறிஞ்சிப்பாடி. நல்ல இடம், பேங்க் உத்தியோகம், பையன் தங்கம். தட்டில் தண்ணீர் வந்தது. மாமா பையிலிருந்து மீட்டரை எடுத்து மூடியைக் கழற்றி டம்ளரில் முக்கினார். நம்பரைப் பார்த்தார். எழுந்தார். வெளியே வந்ததும், "ஆயிரத்துக்கு மேல காட்டுது மச்சான். எம்பொண்ணு தலைமுடி என்னாவுறது?" என்றார். பிறகு ஸ்ரீமுஷ்ணம். அங்கே நம்பர் நன்றாகவே இருந்தது. எனக்கு நிம்மதி. ஆனால் மாமா உள்ளறையில் இருந்த அயர்ன் பாக்ஸை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடித்தகடு கண்ணாடி மாதிரி இருந்தது. "ஒரு புள்ளி கறை இல்ல பாரு. சட்டைய தேய்ச்சே போடாத குடும்பம்" என்று அதையும் தள்ளிவிட்டார். இப்படி ஒரு மனுஷனிடம் எந்த வீடுதான் தேறும், நீங்களே சொல்லுங்கள்.

எழிலரசி இரண்டுக்கும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அந்த இரண்டிலும் இஷ்டமில்லை. மூன்றாவதாகச் சிதம்பரத்துச் செம்பியன் வீட்டிலிருந்து பேச்சு வந்ததும்தான் பிள்ளை என்னிடம் ஓடி வந்தாள். அவளும் செம்பியனும் அண்ணாமலை நகரில் ஒன்றாகப் படித்தவர்கள். பையன் இப்போது அங்கேயே ஒரு காலேஜில் வேலை பார்க்கிறான். அவர்கள் வீட்டில் அவனே சொல்லிச் சம்மதிக்க வைத்து, தானாக வந்த வரன் மாதிரி ஆள் மூலமாகப் பேச விட்டிருக்கிறான்.

"மாமா, அப்பா அங்க போயி அந்த மீட்டர எடுத்தாருன்னா என் கல்யாணம் அவ்ளோதான்" என்றாள்.

"அங்க தண்ணி எப்பிடி கண்ணு?"

"அவரு வீட்ல குடத்த கழுவுனா குடம் வெள்ளயாவுது மாமா. சாயம் பூசுன மாதிரி."

"அய்யய்யோ."

"எனக்கு அது பெரிசில்ல. நான் உப்புத் தண்ணியிலேயே பொறந்து வளந்தவ. அவர விட்டுட்டு வேற யாரையும் என்னால கட்டிக்க முடியாது மாமா. நீங்கதான் பாத்துக்கணும்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள், அதற்கு மேல் பேச முடியாமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தாய்மாமன் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான்? காது குத்துக்கு மடியில் வைத்துக்கொள்ள மட்டுமா? மாமாவை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் இன்றுவரை யாரும் கிடையாது. மீட்டரை ஒளித்து வைக்கலாம் என்றால், அவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பையைத் தொட்டுப் பார்க்கிற ஆள்.

கிளம்புகிற அன்று காலை மாமா குளிக்கப் போனார். அவர் குளியல் சீக்கிரம் முடியாது. மொத்தக் குளியலும் போர் தண்ணியில், கடைசிச் சொம்பு மட்டும் தலைக்கு ஆர்.ஓ. தண்ணியில். ஹேங்கரில் தேய்த்த சட்டை, சட்டைப் பையில் மீட்டர். நான் பின்மூடியைத் திருகி, உள்ளே இருந்த இரண்டு பொத்தான் பேட்டரியையும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு, மூடியை மறுபடி திருகி அதே இடத்தில் செருகினேன். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய் எனக்கு மட்டும் தோசையில் நெய்யை ஜாஸ்தியாக விட்டாள்.

வாடகைக் காரில் போனோம். ஆலப்பாக்கம் தாண்டியது, புதுச்சத்திரம் தாண்டியது, வழியெல்லாம் மாமா ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டிகளைக் காட்டி எது தேறும், எது தேறாது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பொத்தான் பேட்டரி இரண்டும் பைக்குள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கார் முழுக்கக் கேட்பது போல் இருந்தது.

செம்பியனின் அப்பா கலியமூர்த்தி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அம்மா திலகவதி பித்தளைத் தட்டில் தண்ணீர் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். நானும் அக்காவும் டம்ளரைத் தொட்டுக் கும்பிட்டோம். மாமா மீட்டரை எடுத்தார். மூடியைக் கழற்றினார். முக்கினார். பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் காட்டவில்லை.

மறுபடி அழுத்தினார். வெளியே எடுத்து உதறினார். உள்ளங்கையில் தட்டினார். வேட்டி ஓரத்தில் துடைத்து மறுபடி முக்கினார். காதில் வைத்துக் கேட்டார். ஹாலில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர், "சக்கரைக்கு ஊசி போட்டுக்குவாரோ?" என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "தண்ணிக்குப் போடுறாருங்க" என்றார்.

"பாத்ரூம் எந்தப் பக்கங்க?" என்று மாமா எழுந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். உள்ளே போய்ப் பார்த்தேன். வாளி புதுசு, அதன் விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. சொம்பு புதுசு. குழாய் புதுசு. ஷவர் புதுசு. டைல்ஸை ஆசிட் ஊற்றித் தேய்த்திருந்தார்கள், மூக்கெல்லாம் எரிந்தது. செம்பியன் பயல் வாசலில் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தான். சுரண்டிப் பார்க்க ஒரு பொட்டு வெள்ளை இல்லை. மாமா இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். சாட்சியெல்லாம் கலைக்கப்பட்ட வீட்டில் நிற்கிற போலீஸ்காரர் முகம் அவருக்கு.

"என்னா மச்சான் இது, ஒரு அடையாளம் இல்ல?"

"நல்ல தண்ணி போலருக்கு மாமா" என்றேன்.

"நல்ல தண்ணியாம். இவ்ளோ ஆசிட் எதுக்கு ஊத்துனான்?"

ஹாலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். மாமா டம்ளரையே உற்றுப் பார்த்தார். டம்ளர் அவரைப் பார்த்தது. நம்பர் தெரியாமல் ஒரு வீட்டை விட்டு எழுந்து போவது அவர் வாழ்க்கையில் நடக்காத காரியம். கை தானாக நீண்டது. டம்ளரை எடுத்தார். முகர்ந்தார். எனக்குப் புரிவதற்குள் ஒரு வாய் தண்ணீரை உள்ளே விட்டு, கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பிக் கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அந்த இடம் ஒரு வாரம் கன்றியிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அது இன்னும் குடித்ததாக ஆகாது. வாயில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். துப்பினால் தப்பித்தார். துப்ப இடம் தேடி அவர் கண் சுற்றியது. பூந்தொட்டி தூரத்தில். வாஷ்பேசின் அதைவிடத் தூரத்தில். நடுவில் சம்பந்தி வீட்டுச் சனம் முழுக்கக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கலியமூர்த்தி முன்னால் குனிந்து, "என்னாங்க, எங்க வீடு உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

பெரிய மனுஷர் கேட்கிறார். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? மரியாதை தெரிந்தவர் என் மாமா.

முழுங்கினார்.

அவர் தொண்டை ஏறி இறங்கியதை ஹாலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம்.

"சம்மந்தி தண்ணி குடிச்சிட்டாரு!" என்று திலகவதி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கலியமூர்த்தி எழுந்து மாமாவைக் கட்டிப்பிடித்தார். மாமா, "இல்லீங்க, நான் வந்து..." என்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் யாரோ ஒரு அத்தை கேசரியை வைத்தாள். அதை முழுங்கி, "ஒரு நிமிசங்க, இந்தத் தண்ணி..." என்றார். இரண்டாவது டம்ளர் கையில் வந்தது. "குடிங்க சம்மந்தி, இன்னும் குடிங்க, உங்க வீடுதான்" என்றார்கள். கேசரி தொண்டையில் நின்றுகொண்டிருந்ததால் அதையும் குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார் ஒரு பார்வை! பேட்டரி இரண்டும் பையில் கொதித்தது போல் இருந்தது எனக்கு. ஆனால் செம்பியன் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் பார்த்தேன். போதும் என்று தோன்றியது.

சாப்பாடு முடிந்தது. பந்தி எழுந்திருக்கிற சந்தடியில், மாமா சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்தபோது, பேட்டரி இரண்டையும் மீட்டரில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். காரில் ஏறப் போகும்போது மாமா என்னை ஓரமாக இழுத்தார்.

"மச்சான், நான் சும்மா டேஸ்ட்டுதான்டா பாத்தேன்."

அக்கா பின்னாலிருந்து வந்தாள். "டேஸ்ட்டு பாத்தவரு துப்பியிருக்கணும். துப்புனீங்களா?"

"எங்கடி துப்புறது? சம்மந்தி மடியிலயா?"

"அப்ப பேசாம வண்டியில ஏறுங்க."

மாமா ஏறவில்லை. வீட்டு மதிலை ஒட்டி, செடிக்குத் தண்ணீர் விடுகிற பழைய குழாய் ஒன்று இருந்தது. அதை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். அதன் வாயில் பூத்திருந்த வெள்ளையைப் பார்த்ததும் மாமா கால் அங்கே நின்றுவிட்டது. குழாயைத் திறந்து, மூடியில் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து, பழக்க தோஷத்தில் மீட்டரை முக்கினார். இந்தத் தடவை மீட்டர் விழித்துக்கொண்டது. நானும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நம்பர் தெளிவாக நின்றது.

மாமா அந்த நம்பரைப் பார்த்தார். வாசலில் கும்பிட்டபடி நிற்கிற கலியமூர்த்தியைப் பார்த்தார். மாமா விட்டுவிட்டு வந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற செம்பியனைப் பார்த்தார். மூடியை உதறி மீட்டருக்குப் போட்டுப் பையில் வைத்தார். காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கடலூர் வரைக்கும் வந்தார். முட்லூர் தாண்டும்போது மட்டும் "பையன் நல்ல பையன்" என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் எழிலரசிக்குப் போன் போட்டேன். "முடிஞ்சிது கண்ணு. உங்கப்பா தண்ணி குடிச்சிட்டாரு."

அந்தப் பக்கம் முதலில் அழுகை, பிறகு சிரிப்பு, பிறகு இரண்டும் கலந்து ஏதோ ஒன்று. "மாமா, உங்கள மறக்க மாட்டேன் மாமா" என்றாள். கொஞ்சம் மூக்கைச் சிந்திவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்:

"மாமா, அப்பா மீட்டர்ல பாத்தாரா? எத்தினி காட்டிச்சி?"

போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டேன். எனக்குப் பெரிசில்லை, அவர்தான் வேண்டும் என்று துப்பட்டாவில் முகத்தைப் புதைத்து அழுத பிள்ளைதானா இது!

"எதுக்கு கேக்கறே?"

"சும்மாதான் மாமா. வாஷிங் மெஷின் வாங்கணும்ல, ஃப்ரன்ட் லோடா டாப் லோடான்னு யோசிக்கணும். அப்புறம் தலைமுடி வேற இருக்கு."

அது ரத்தத்தில் ஓடுகிற வியாதி. தண்ணீரில் வருகிற வியாதியும்கூட. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களில் யாருக்கு எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. மீட்டரைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர் மட்டும்தான் நிபுணர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரையாவது தூரத்திலேயே அடையாளம் கண்டு கதவைச் சாத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் சாதாரண மனுஷர்களைப் போலவே உலாவுகிறார்கள், சிரிக்கிறார்கள், ராஜவேல் மாதிரி ஆட்களைப் பற்றி எழுதினால் ரசித்துப் படிக்கிறார்கள்.

ஆகையால், ஐயா, அம்மா, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு முடித்துக்கொள்கிறேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பிள்ளை ஆசைப்பட்டவனையே கட்டப்போகிறாள். இரண்டு குடும்பமும் சந்தோஷமாக இருக்கிறது. இதற்கு மேல் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுமே கிடையாது. அப்படியிருந்தும், 'எல்லாம் சரி, இந்த ஆள் நம்பரைச் சொல்லாமலே முடிக்கிறானே, அந்தக் குழாயில் எத்தனைதான் காட்டியது?' என்று உங்களுக்கு இப்போது உள்ளுக்குள் குறுகுறுக்கிறதா?

குறுகுறுத்தால், நான் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால், அவளுடைய தாய்மாமனுக்கு மட்டும் இன்றைக்கே ஒரு போன் போட்டு வையுங்கள்.